ஐசியூவில் டியூப், லைன், ட்ரக்கியோஸ்டமி: ஆபத்து போடும் நேரத்திலா, அதற்கு முன்னும் பின்னுமா?

பதிவு 1
இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஐசியூவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நோயாளியின் உடலுக்குள் நாம் செலுத்தும் ஊசி, குழாய், கம்பி இவற்றால் என்னென்ன கேடு வரும், எப்படித் தடுப்பது என்பதுதான் பொருள்.

பாடப்புத்தகத்தைத் திறந்தால் சென்ட்ரல் லைனுக்கு (பெரிய சிரைக்குள் செலுத்தும் நீண்ட குழாய்) மட்டுமே ஒரு பக்கம் நிறையச் சிக்கல்கள். அதை அப்படியே திரையில் ஓட்டினால் யார் மனதிலும் தங்காது. அதனால் இங்கே கேட்கிறேன். நீங்கள் நேரில் பார்த்ததில் எதெல்லாம் தடுத்திருக்கக் கூடியது?

என் எண்ணத்தை முதலில் வைத்துவிடுகிறேன். ஊசி குத்தும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுகிறோம்: நுரையீரலில் ஓட்டை விழுந்தது, தமனியில் குத்திவிட்டது என்று. ஆனால் பெரிய கேடுகளில் பாதிக்கு மேல் மூன்று இடங்களில்தான் தொடங்குவதாக எனக்குத் தோன்றுகிறது. தேவையா என்று யோசிக்காமல் போட்டது. போட்டது சரியான இடத்தில் இருக்கிறதா என்று உறுதிசெய்யாதது. தேவை தீர்ந்த பிறகும் எடுக்காமல் விட்டது. இந்தப் பார்வை சரியா, அல்லது கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுகிறேனா?

பதிவு 2
பழைய ஸ்டெதாஸ்கோப்

தம்பி, நல்ல கேள்வி. மூன்று இடம் என்று நீங்கள் சொன்னது சென்ட்ரல் லைனுக்கும் யூரின் கதீட்டருக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே ஆபத்து அந்த நிமிடங்களில்தான் குவிந்திருக்கிறது.

29 நாடுகளில் கிட்டத்தட்ட 3,000 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2021ல் வெளிவந்த இன்ட்யூப் ஆய்வை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். டியூப் போட்டவர்களில் 45.2 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெரிய பாதிப்பு. அதில் முதலிடம் எது என்று புதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் இறங்குவது என்றுதான் சொல்வார்கள். உண்மையில் ரத்த ஓட்டம் நிலைகுலைவதுதான் முதலிடம், 42.6 சதவீதம். கடுமையான ஆக்சிஜன் குறைவு 9.3 சதவீதம். இதயம் நின்றது 3.1 சதவீதம்.

காரணத்தைப் புரியவைத்தால் எண்கள் மறந்தாலும் பரவாயில்லை. அறுவை அரங்குக்கு வருபவர் பெரும்பாலும் பட்டினியிருந்து, திட்டமிட்டு, ஓரளவு நல்ல நிலையில் வருகிறார். ஐசியூ நோயாளியின் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதே அவர் உடலில் ஓடும் அட்ரினலின்தான். நாம் மயக்க மருந்து கொடுத்ததும் அந்தப் பிடி தளர்கிறது. அடுத்த நிமிடம் நுரையீரலுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிறோம். மார்புக்குள் அழுத்தம் ஏறி, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. இரண்டும் சேர்ந்தால் 90ல் இருந்த சிஸ்டாலிக் (மேல் ரத்த அழுத்தம்) 50க்கு வர நேரமே ஆகாது.

ரத்தத்தில் அமிலம் கூடி, நிமிடத்துக்கு 40 தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் இன்னும் ஆபத்தானவர். அந்த வேகமான மூச்சுதான் அவருடைய அமிலத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. அவரை மயக்கி, வென்டிலேட்டரில் நிமிடத்துக்கு 14 மூச்சு என்று வைத்தால் சில நிமிடங்களிலேயே இதயம் நிற்கலாம்.

ஆகவே டியூப் போடும் முன் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து தயாராக, முடிந்தால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு பாட்டில் திரவம் ஏற்றிவிட்டுப் போட்டால் போதும் என்று நாங்களும் நம்பியிருந்தோம். 2022ல் வந்த பிரிப்பேர் 2 ஆய்வில் அதனால் ரத்த ஓட்டம் நிலைகுலைவது குறையவில்லை.

பதிவு 3
மயக்கவியல்காரன்

மேலே ஐயா சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, முன்கூட்டியே ஆக்சிஜன் ஏற்றுவது. சாதாரண மாஸ்க்கைவிட முகத்தில் இறுக்கமாகப் பொருத்தும் நான் இன்வேசிவ் வென்டிலேஷன் மாஸ்க்கால் அழுத்தத்துடன் ஆக்சிஜன் கொடுத்தால் வித்தியாசம் தெளிவாகவே தெரிகிறது. 2024ல் வந்த ப்ரீஆக்ஸி ஆய்வில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியது 18.5 சதவீதத்திலிருந்து 9.1 ஆகப் பாதியானது. தொண்டைக்குள் கேமராவால் பார்த்து டியூப் போட உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் அப்படித்தான். 2023ல் வந்த டிவைஸ் ஆய்வில் முதல் முயற்சியிலேயே டியூப் போட முடிந்தது 85.1 சதவீதம், பழைய முறையில் 70.8. முதல் முயற்சி ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு கூடுதல் முயற்சிக்கும் வீக்கம், ரத்தம், வாந்தி, ஆக்சிஜன் இறக்கம் எல்லாம் ஏறிக்கொண்டே போகும்.

இரண்டாவதுதான் நான் எந்தச் சமரசமும் செய்யாத விஷயம். டியூப் மூச்சுக்குழாயில் இருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய கேப்னோகிராஃபி. வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடு திரையில் அலையாகத் தெரிய வேண்டும். பிரிட்டனில் 2011ல் வெளிவந்த நான்காவது தேசியத் தணிக்கை, ஐசியூவில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த இறப்புகளில் 70 சதவீதத்துக்கும் மேல் கேப்னோகிராஃபி இல்லாதது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று சொன்னது.

ஸ்டெதாஸ்கோப் ஏமாற்றும். டியூபில் தெரியும் நீராவி ஏமாற்றும். நெஞ்சு ஏறி இறங்குவதும் ஏமாற்றும். அலை இல்லை என்றால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "இதயம் நின்றுவிட்டது, அதனால்தான் அலை வரவில்லை" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். நெஞ்சை அழுத்தும் சிபிஆர் நன்றாக நடந்துகொண்டிருந்தால் சின்ன அலையாவது தெரியும்.

பதிவு 4
வெள்ளைச் சீருடை

டாக்டர்கள் எல்லாரும் மருந்தையும் கருவியையும் பற்றிச் சொல்லிட்டீங்க. நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளாச் சொல்றேன்.

டியூப் போடும்போது எல்லாரோட கண்ணும் வாய்க்குள்ளதான் இருக்கும். போடுறவர் பார்க்கிறார், உதவுறவர் பார்க்கிறார், வேடிக்கை பார்க்க வந்த பயிற்சி டாக்டரும் அங்கேயேதான் பார்க்கிறார். மானிட்டர் பக்கம் யாருமே இல்ல. அதனால எங்க யூனிட்டில் ஒருத்தருக்கு அது மட்டும்தான் வேலை. சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு), பிரஷர், ரெண்டையும் சத்தமா சொல்லிக்கிட்டே இருக்கணும். சாச்சுரேஷன் 93க்குக் கீழே வந்தா "நிறுத்துங்க, பேக்கை அழுத்தி ஆக்சிஜன் குடுங்க"ன்னு சொல்ற உரிமையும் அவருக்குத்தான். அவர் நேத்து சேர்ந்த செவிலியரா இருந்தாலும் சரி, போடுறவர் துறைத்தலைவரா இருந்தாலும் சரி.

இதை முன்னாடியே பேசி வெச்சுக்கணும். நடுவுல தைரியம் வராது. "முதல் முயற்சி வரலைன்னா என்ன பண்ணப் போறோம், ரெண்டாவதுக்கு எதை மாத்தப் போறோம், அதுவும் வரலைன்னா யாரைக் கூப்பிடப் போறோம்" இந்த மூணு கேள்விக்கும் பதில் வந்த பிறகுதான் நான் மயக்க மருந்தைக் கையில எடுப்பேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பதிவு 5
இரவுப்பணி

சிஸ்டர், இது வகுப்பில் அப்படியே வரும். நன்றி.

ஐயா சொன்னபடி டியூபைத் தனியாகப் பிரித்துவிடுகிறேன். சென்ட்ரல் லைனுக்கு வருவோம். எந்த இடத்தில் போடுவது என்பதில் எங்கள் யூனிட்டிலேயே ஆளுக்கொரு கருத்து. கழுத்து, காறை எலும்புக்குக் கீழே, தொடை. தொடை என்றால் தொற்று, காறை எலும்பு என்றால் நுரையீரல் ஓட்டை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது நியாயமா?

பதிவு 6
பழைய ஸ்டெதாஸ்கோப்

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் எண்களோடு பார்த்தால்தான் எடை தெரியும். பிரான்சில் நடந்து 2015ல் வெளிவந்த த்ரீசைட்ஸ் ஆய்வு, ரத்தத் தொற்றையும் அறிகுறியோடு வரும் ரத்தக் கட்டியையும் சேர்த்து எண்ணியது. லைன் இருந்த 1,000 நாட்களுக்குக் காறை எலும்புப் பகுதியில் 1.5, கழுத்தில் 3.6, தொடையில் 4.6. அதே ஆய்வில் நெஞ்சில் குழாய் (செஸ்ட் டியூப்) போட வேண்டிய அளவுக்கு நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) வந்தது காறை எலும்புப் பகுதியில் 1.5 சதவீதம், கழுத்தில் 0.5 சதவீதம்.

கழுத்துக்கும் தொடைக்கும் உள்ள இடைவெளி, நாம் பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிதில்லை என்பதைக் கவனியுங்கள். மூச்சு முட்டி, தலையைத் தாழ்த்திப் படுக்கவே முடியாத ஒருவருக்குக் கழுத்துதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதைவிட, தொடையில் போட்டுவிட்டு நிலைமை சரியானதும் மாற்றுவது அவருக்கு நல்லது.

வென்டிலேட்டரில் அதிக அழுத்தத்தில் இருப்பவருக்கு ஒரு நுரையீரலில் ஓட்டை விழுந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. அவருக்கு நான் காறை எலும்புப் பக்கம் போக மாட்டேன். நோயாளியைப் பார்த்துத்தான் இடம்.

பதிவு 7
மயக்கவியல்காரன்

இடத்தைவிட அல்ட்ராசவுண்ட் பெரிய விஷயம் என்பேன். கண்ணால் பார்த்துக் குத்தும்போது கழுத்தில் தமனியைத் துளைப்பது கணிசமாகக் குறைகிறது.

ஆனால் புதியவர்கள் அதை ஒரு காப்புறுதி மாதிரி நினைத்துவிடுகிறார்கள். திரையில் தெரிவது ஊசியின் ஒரு வெட்டு மட்டும்தான். முனை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஊசியின் நடுத்தண்டாக இருக்கும்; முனை சிரையின் பின்சுவரைத் தாண்டிப் போயிருக்கும்.

வகுப்பில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்: டைலேட்டரை (வழியைப் பெரிதாக்கும் குழாய்) எடுக்கும் முன் கைடுவயர் (லைனுக்கு வழிகாட்டும் கம்பி) சிரைக்குள் இருப்பதை அல்ட்ராசவுண்டில் நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். மெல்லிய ஊசி தமனியில் பட்டால் எடுத்துவிட்டு அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் போதும். டைலேட்டர் தமனிக்குள் போனால் அது வேறு கதை. அப்படி நடந்தால், பெரிய குழாய் உள்ளே போன பிறகு தெரியவந்தால், பதற்றத்தில் உருவி எடுக்கக் கூடாது. அப்படியே விட்டுவிட்டு ரத்தநாள அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். உருவி எடுத்து அழுத்தினால் கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சுப்பாதையை நெரிக்கலாம், பக்கவாதமும் வரலாம்.

ரத்தத்தின் நிறத்தை நம்பாதீர்கள். அதிர்ச்சியில் (ஷாக், ரத்த ஓட்டம் குலைந்த நிலை) இருக்கும், ஆக்சிஜன் குறைந்த நோயாளியின் தமனி ரத்தம் கறுப்பாகத்தான் இருக்கும், துடித்தும் வராது.

பதிவு 8
கிருமிக்காவல்

நான் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். முதல் பதிவில் "தேவை தீர்ந்தும் எடுக்காமல் விட்டது" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் செய்த வேலை 2006ல் வெளிவந்தது. செய்தது ஐந்தே விஷயம். கை கழுவுவது; போடும்போது தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை, நோயாளியை முழுக்க மூடும் துணி; தோலுக்குக் கிருமிநாசினியான குளோர்ஹெக்ஸிடின்; முடிந்தவரை தொடையைத் தவிர்ப்பது; தேவையில்லாத லைனை எடுத்துவிடுவது. 1,000 குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று ஒன்றரை வருடத்தில் 1.4 ஆனது.

புதிய மருந்து இல்லை, புதிய கருவி இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: யாராவது ஒரு படியைத் தாண்டினால் அவசரம் இல்லாத நேரத்தில் செவிலியர் நிறுத்தலாம் என்ற அதிகாரத்தை அங்கே கொடுத்தார்கள். வெள்ளைச் சீருடை சொன்னதும் அதைத்தான்.

குளோர்ஹெக்ஸிடின் பற்றி: ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடினையும் ஆல்கஹால் கலந்த பொவிடோன் அயோடினையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வில் (2015) தொற்று 1,000 குழாய் நாட்களுக்கு 0.28க்கு எதிராக 1.77. ஆனால் தடவியதும் குத்தாதீர்கள், தானாகக் காய விடுங்கள். துடைத்துவிட்டுக் குத்துகிறவர்களை நான் இன்னமும் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் போய்ச் சொல்கிறேன்.

தினமும் ரவுண்ட்ஸில் "இந்த லைன் இன்று எதற்கு?" என்று கேட்டால் பாதி நேரம் வரும் பதில், "ரத்தம் எடுக்க வசதியாக இருக்கிறது". அது காரணமே இல்லை.

பதிவு 9
காத்திருப்பு அறை

நான் டாக்டர் இல்லைங்க. அப்பா ஐசியூவுல இருக்காரு, அதனால தேடிப் படிச்சுட்டு இங்க வந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க.

கழுத்துல லைன் போடணும்னு ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினாங்க. அதுல ரத்தக் கசிவு, நுரையீரல் பாதிப்பு, தொற்று, உயிரிழப்புன்னு வரிசையா இருந்துச்சு. படிக்க நேரம் இல்ல. போட்டு முடிச்சு வந்து "சின்ன சிக்கல் ஆயிடுச்சு, நெஞ்சுல இன்னொரு டியூப் போட்டிருக்கோம்"னு சொன்னாங்க. யாரும் சிரத்தை இல்லாம செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா எங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியல. எது சகஜம், எது தப்பு, நாங்க என்ன கேட்கணும்?

இன்னொண்ணு, அவருக்கு ரத்தம் உறைய உதவுற தட்டணு (பிளேட்லெட்) முப்பதாயிரம்தான் இருந்துச்சு. லைன் போடுறதுக்கு முன்னாடி தட்டணு ஏத்தினாங்க. அது வேணுமா?

பதிவு 10
வெள்ளைச் சீருடை

இங்க கேட்டது ரொம்ப நல்லது. தயங்கவே வேண்டாம்.

நெஞ்சுல போட்டிருக்கிற டியூப் எதுக்குன்னு சொல்றேன். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கு. ஊசி அதைத் தொட்டா நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவுல காத்து சேரும். அந்தக் காத்தை வெளியேத்தத்தான் டியூப். ஓட்டை மூடிக் காத்துக் கசிவு நின்னதும் எடுத்துடுவாங்க. இது திறமையானவங்க கையிலயும் நடக்கிற விஷயம். நடந்ததை உடனே கண்டுபிடிச்சு டியூப் போட்டதுதான் உங்க அப்பாவைக் காப்பாத்தியிருக்கு. டியூப் போட்ட பாட்டில்ல குமிழி வருதான்னு செவிலியர்கள் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. நீங்க அந்தப் பாட்டிலை நகர்த்தவோ நெஞ்சுக்கு மேல உயர்த்தவோ வேண்டாம்.

கேட்க வேண்டியது இதுதான்: "இது எதுக்குப் போட்டிருக்கீங்க, எப்போ எடுப்பீங்க?" கட்டில் பக்கத்துல இருக்கிற ஒவ்வொரு குழாய்க்கும் இந்தக் கேள்வியைத் தினமும் கேளுங்க. எந்த நல்ல டாக்டரும் கோவப்பட மாட்டார்.

பதிவு 11
பழைய ஸ்டெதாஸ்கோப்

தட்டணு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நெதர்லாந்தில் நடந்து 2023ல் வந்த பேசர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. தட்டணு 10,000க்கும் 50,000க்கும் இடையில் இருந்தவர்களுக்கு, அல்ட்ராசவுண்ட் பார்த்து லைன் போடும்போது, முன்கூட்டித் தட்டணு ஏற்றினால் குறிப்பிடத்தக்க ரத்தக் கசிவு 4.8 சதவீதம், ஏற்றாவிட்டால் 11.9 சதவீதம். ஆகவே உங்கள் தந்தைக்குச் செய்தது ஆதாரத்தோடு செய்த காரியம். நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

என் சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. "சின்ன சிக்கல்" என்று சொல்லாதீர்கள். நெஞ்சில் குழாயோடு படுத்திருப்பவரின் மகனுக்கு அது சின்னது இல்லை. என்ன ஆனது, எப்போது தெரிந்தது, என்ன செய்தோம், இனி எதைக் கவனிக்கிறோம் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். சொன்னதைக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். கையெழுத்து வாங்குவது ஒரு வேலை, புரியவைப்பது இன்னொரு வேலை. முதலாவது முடிந்தால் இரண்டாவது முடிந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பதிவு 12
காத்திருப்பு அறை

ரொம்ப நன்றிங்க. கொஞ்சம் மூச்சு வந்துச்சு. நாளைக்கு நீங்க சொன்ன கேள்வியைக் கேட்கிறேன்.

பதிவு 13
நுரையீரல் நண்பன்

சுவாச சிகிச்சைப் பிரிவில் வேலை. எல்லோரும் பெரிய செயல்முறைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என் பயம் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில்தான். "சின்ன வேலை" என்று யாரையாவது போடச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

விழித்திருப்பவருக்கு ரைல்ஸ் டியூப் மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமித் தள்ளிவிடுவார். மயக்கத்தில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இருமலே வராது. மூச்சுக்குழாய் டியூபின் கஃப் (டியூபைச் சுற்றி ஊதும் சிறு பலூன்) இருப்பதால் அந்தப் பக்கம் போகாது என்று நம்புவது தவறு; கஃபைத் தாண்டி நுரையீரல் வரை போகும். அதோடு பால் மாதிரியான உணவை ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மெல்லிய கம்பி வைத்த உணவுக்குழாய்கள் நுரையீரலைத் துளைத்து நியூமோதோராக்ஸும் உண்டாக்கும்.

சிரிஞ்சில் காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். நுரையீரலில் இருக்கும் குழாயில் ஊதினாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கும். உறிஞ்சிய திரவத்தின் பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து போகும் ஐசியூ நோயாளிக்கு அது பல நேரம் கிடைக்காது, அப்போது எக்ஸ்ரேதான். எக்ஸ்ரேயில் குழாய் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தை நேராக நடுவில் கடந்து, உதரவிதானத்தையும் நடுவில் தாண்டி, முனை இடதுபக்கம் அதற்குக் கீழே தெரிய வேண்டும். பிரியும் இடத்தில் ஒரு பக்கமாக வளைந்து போனால் எடுத்துவிடுங்கள். பார்த்தவர் பெயரும் நேரமும் எழுதும்வரை உணவு தொடங்கக் கூடாது.

பதிவு 14
இரவுப்பணி

இதை நான் பட்டியலிலேயே வைத்திருக்கவில்லை. முதலில் வைக்கப்போகிறேன். ட்ரக்கியோஸ்டமி (கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்குழாயில் டியூப் வைப்பது) பற்றியும் சொல்லுங்களேன். சீக்கிரம் போட்டுவிட்டால் நோயாளிக்கு நல்லது என்று ஒரு கருத்து எங்களிடம் பலமாக இருக்கிறது.

பதிவு 15
நுரையீரல் நண்பன்

அந்தக் கருத்தைச் சோதித்த டிராக்மேன் ஆய்வு 2013ல் வந்தது. முதல் 4 நாட்களுக்குள் போடுவதையும், 10 நாட்களுக்குப் பிறகு தேவைப்பட்டால் போடுவதையும் ஒப்பிட்டது. 30 நாள் இறப்பில் வித்தியாசம் இல்லை, 30.8க்கு 31.5 சதவீதம். என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொரு எண்: பொறுத்திருந்த குழுவில் 45 சதவீதம் பேருக்குத்தான் ட்ரக்கியோஸ்டமியே தேவைப்பட்டது. அவசரப்பட்டிருந்தால் மற்றவர்களின் கழுத்தில் தேவையில்லாமல் ஓட்டை போட்டிருப்போம். இரவுப்பணி முதலில் சொன்ன "தேவையா" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

போட்ட பிறகு இரண்டு ஆபத்து. முதல் ஒரு வாரத்துக்குள் டியூப் வெளியே வந்துவிட்டால் வழி இன்னும் உறுதியாகியிருக்காது. அதே ஓட்டையில் தடவித் தள்ளினால் டியூப் மூச்சுக்குழாய்க்கு முன்னால் உள்ள திசுவுக்குள் போகும். அம்பு பேக்கை (கையால் காற்று ஊதும் பை) அழுத்தினால் கழுத்தும் நெஞ்சும் காற்றால் வீங்கும், நோயாளி மூச்சுத் திணறி இறப்பார். மேல் மூச்சுப்பாதை திறந்திருப்பவர் என்றால் கழுத்து ஓட்டையை மூடிவிட்டு வாய்வழியாக ஆக்சிஜன் கொடுத்து, தேவைப்பட்டால் வாய்வழியாகவே டியூப் போடுங்கள். குரல்வளையையே அகற்றியவருக்கு இது பொருந்தாது, அவருக்கு மூச்சுக்கு அந்த ஓட்டை ஒன்றுதான். அதனால்தான் கட்டிலின் தலைமாட்டில் எந்த வகை என்று படம் வரைந்து மாட்ட வேண்டும்.

அடுத்தது ரத்தம். போட்டுச் சில நாட்கள் கழித்து, பெரும்பாலும் முதல் மூன்று நான்கு வாரத்துக்குள், டியூபிலிருந்து புதிய ரத்தம் கொஞ்சம் வந்து தானாக நின்றால் நிம்மதி அடையாதீர்கள். டியூப் உராய்ந்து மூச்சுக்குழாய்க்கு முன்னால் ஓடும் பெரிய தமனி அரிக்கப்பட்டிருக்கலாம். அடுத்து வரும் ரத்தம் நமக்கு நேரம் கொடுக்காது. அப்படி வந்தால் கஃபைக் கூடுதலாக ஊதி அழுத்திக்கொண்டே அறுவை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பதிவு 16
கிருமிக்காவல்

எடுக்கும்போது வரும் ஆபத்தை யாரும் சொல்லவில்லையே. சென்ட்ரல் லைனை எடுப்பதை யாரும் செயல்முறையாகவே நினைப்பதில்லை. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்தபடி உருவினால், அவர் மூச்சை உள்ளிழுக்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று நேராக இதயத்துக்குப் போகும்.

கட்டிலைச் சமமாக அல்லது தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்க வையுங்கள். மூச்சை வெளிவிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எடுங்கள். உடனே விரலால் அழுத்துங்கள், பிறகு காற்றுப் புகாத கட்டு. சாதாரணப் பஞ்சும் பிளாஸ்திரியும் போதாது. எடுத்த உடனே மூச்சுத் திணறல் வந்தால் இடதுபக்கம் ஒருக்களித்துத் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே ஆளைக் கூப்பிடுங்கள்.

பதிவு 17
மயக்கவியல்காரன்

"தேவையா" என்ற கேள்விக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. நுரையீரல் தமனிவரை போகும் பலூன் கதீட்டரை மருத்துவர்கள் ஸ்வானும் கான்ஸும் 1970ல் வெளியிட்டார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக அது இல்லாத ஐசியூவே இல்லை என்ற நிலை. 1996ல் ஒரு பெரிய ஆய்வு அதைப் போட்டவர்கள் அதிகம் இறப்பதாகக் காட்டியபோது பலரும் நம்ப மறுத்தார்கள். 2005ல் பிரிட்டனில் நடந்த பேக்மேன் ஆய்வு, போட்டாலும் போடாவிட்டாலும் இறப்பில் வித்தியாசம் இல்லை என்று முடித்துவைத்தது. இன்று குறிப்பிட்ட இதய நோயாளிகளுக்கு மட்டுமே போடுகிறோம்.

அதிர்ச்சியில் இருக்கும் எல்லோருக்கும் உடனே ஆர்ட்டீரியல் லைன் (தமனிக்குள் வைத்து ரத்த அழுத்தம் அளக்கும் குழாய்) வேண்டுமா என்பதை 2025ல் ஒரு பிரெஞ்சு ஆய்வு கேட்டது. கையில் கட்டும் ரத்த அழுத்தப் பட்டையால் அளந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் போட்டவர்களின் 28 நாள் இறப்பு மோசமாக இல்லை. நார்அட்ரினலினைக் கையில் உள்ள நல்ல சிரை வழியாகவே தொடங்கலாம் என்று 2021 செப்சிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் தொற்று) வழிகாட்டுதலும் சொல்கிறது. சென்ட்ரல் லைன் போடும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பதிவு 18
பழைய ஸ்டெதாஸ்கோப்

இதில் மட்டும் நான் கொஞ்சம் விலகி நிற்கிறேன். நார்அட்ரினலின் அளவு ஏறிக்கொண்டே போகிறவருக்கு, மணிக்கு மணி ரத்தப் பரிசோதனை தேவைப்படுகிறவருக்கு ஆர்ட்டீரியல் லைன் வேண்டும். கை சிரை வழியாகப் போகும் மருந்து கசிந்தால் தோல் செத்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் அருகில் இருக்க வேண்டும். ஒரு செவிலியர் ஐந்து நோயாளியைப் பார்க்கிற இடத்தில் கையில் ஓடும் நார்அட்ரினலின்தான் அதிக ஆபத்து. ஆய்வு நடந்த இடத்தின் ஆள்பலத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பதிவு 19
காத்திருப்பு அறை

இன்னைக்குக் கேட்டேன். கழுத்து லைன் எதுக்குன்னு கேட்டதுக்கு, பிரஷர் மருந்து இன்னும் ஓடுது, குறைச்சுக்கிட்டு வர்றோம், நின்னதும் எடுத்துடுவோம்னு டாக்டர் நின்னு சொன்னாரு. நெஞ்சு டியூப்ல குமிழி நின்னிருக்காம். யூரின் டியூபை மட்டும் இன்னைக்கே எடுத்துட்டாங்க. எல்லாருக்கும் நன்றி.

பதிவு 20
இரவுப்பணி

மகிழ்ச்சி. உங்கள் தந்தை நலமாக வீடு திரும்பட்டும்.

ஐயா, அந்த ஆள்பலக் கருத்தை ஏற்கிறேன். என் முதல் பதிவையும் திருத்திக்கொள்கிறேன். டியூபுக்கு அந்த நிமிடங்கள், லைனுக்குத் தினமும் ஒரு கேள்வி, ரைல்ஸ் டியூபுக்கு உறுதிசெய்வது, ட்ரக்கியோஸ்டமிக்குப் பிந்தைய நாட்கள் என்று வகுப்பைப் பிரிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கைடுவயர் உள்ளேயே தங்கிவிடுவது நடக்கவே கூடாத விஷயம், ஆனாலும் உலகம் முழுக்க நடக்கிறது. "கவனமாக இருங்கள்" என்று சொல்வதைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?

பதிவு 21
வெள்ளைச் சீருடை

கவனம்னு சொன்னா வேலைக்கு ஆகாது. இது நடக்கிறதே கவனம் கலைஞ்ச நேரத்துலதான்: நடுவுல பக்கத்துக் கட்டில்ல அலாரம் அடிக்கும், யாராவது கேள்வி கேட்பாங்க, போடுறவர் கம்பியைப் பிடிச்சிருந்த கையை விட்டுடுவார்.

நாங்க பண்றது இதுதான். லைன் உள்ள தள்ளும்போது கம்பியோட நுனி குழாயோட பின்பக்கம் வெளிய தெரியுற வரைக்கும் தள்ளக் கூடாது. தெரிஞ்சதும் போடுறவர் "கம்பி கையில"ன்னு சொல்வார். உருவினதும் தட்டுல தனியா வெக்கணும், ஊசிக் குப்பையில உடனே போடக் கூடாது. தையல் போடுறதுக்கு முன்னாடி நான் கம்பியைக் கண்ணால பார்த்து, முழுசா இருக்கான்னு பார்த்து, சத்தமா "கம்பி வெளிய"ன்னு சொல்வேன். செயல்முறைக் குறிப்புத் தாள்ல அதுக்குன்னே ஒரு வரி இருக்கு: கம்பி எடுக்கப்பட்டது, பார்த்தவர் பெயர், நேரம். அந்த வரி காலியா இருந்தா அந்த லைன்ல மருந்து ஏத்த மாட்டோம். அப்புறம் எக்ஸ்ரே வந்ததும் லைன் முனையையும் நுரையீரலையும் பார்க்கிறதோட, இதயத்தைத் தாண்டிக் கீழே ஏதாவது கோடு போகுதான்னும் பார்க்கச் சொல்லுங்க.